இனிக்காத ரத்தம்

ரத்தம் உப்புக் கரித்தது.

அவன் விரலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தான். அதே சிவப்புதான். சர்க்கரைப் பாகில் சாயப்பொடியும் கொஞ்சம் கோகோவும் கலந்து அக்கா காய்ச்சுகிற மேடை ரத்தம். நாடகத்தில் தளபதி தான் கொன்ற அரசனின் ரத்தத்தைத் தொட்டு நாவில் வைத்த பிறகுதான் முடி சூட முடியும். அதற்காகவே இனிப்பாகக் காய்ச்சுவாள். காட்சி முடிந்து கழற்றிப்போட்ட அங்கியைத் தேடி எறும்பு சாரி சாரியாக வரும்.

இன்று ஒப்பனை அறையில் எறும்பு இல்லை. பாட்டிலின் வாயில் ஈ மொய்த்தது.

"அக்கா, பாகுல உப்பு விழுந்துடுச்சா?"

அவன் அங்கிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஹீரோ ஆனதும் நாக்கு நீண்டுபோச்சு உனக்கு. உங்க அத்தான் இருந்த வரைக்கும் ஒரு நாள் குறை சொன்னதில்ல."

"நீயே நக்கிப் பாரேன்."

நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, சுண்டுவிரலைப் பாட்டிலில் விட்டு நக்கினாள். "தேனா இனிக்குது. வேணும்னா காப்பியில ஊத்தித் தரவா? போ, மீசையை ஒட்டு. மதியக் காட்சிக்கே அரங்கம் நிறைஞ்சு கிடக்கு."

அவள் போனாள். ஈக்கள் போகவில்லை.

அந்தச் சுவையை அவன் இதற்கு முன் ஒரு முறை அறிந்திருக்கிறான்.

போன மழைக்காலத்தில், இதே அறையில், கூரை ஒழுகிய ஈரத்தில் வழுக்கி, கண்ணாடி மேசையின் விளிம்பில் பின்மண்டை இடித்து அத்தான் கிடந்தார். "மாப்ள... யாரையாவது கூப்பிடு." அக்கா சுவருக்கு அந்தப் பக்கம்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குரல் போதும். அப்போது நாடகம் தொடங்கப்போவதற்கான இரண்டாவது மணி அடித்தது. அத்தான் மேடையேறாவிட்டால் தளபதி வேடம் அவனுக்கு. வருடக்கணக்காக வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டு ஓரத்தில் ஈட்டி பிடித்து நின்றவன் அவன். அவரைப் புரட்டி, முனகலைக் காதில் வாங்காமல், கையைத் திருகி அங்கியை உருவினான். கதவைச் சாத்தினான். "அத்தானுக்குத் தலைசுத்தல், படுத்திருக்காரு."

பாட்டிலை மறந்தது மேடையில்தான் தெரிந்தது. விரலில் ஏற்கெனவே இருந்ததை நக்கினான். அரங்கமே எழுந்து கைதட்டியது.

எழுந்து நடக்கப்போய் விழுந்துதான் அத்தான் உயிர்விட்டார் என்று அக்கா நம்பினாள். இன்றுவரை.

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். மேலே ஏடு படிந்திருந்தது. அடியில் ஈரலின் பிசிறு போல் ஏதோ புரண்டது. கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. சீப்பின் நுனியால் கிளறியபோது ஒரு முடி சுற்றிக்கொண்டு வந்தது. பாதி சாயம் பூசிய கறுப்பு, வேரில் வெள்ளை, அத்தானுடையதைப் போல. இறைச்சிக்கடையின் பின்வாசலில் அடிக்கும் வாடை. முழுவதையும் கைகழுவும் தொட்டியில் கொட்டினான். அது ஓடவில்லை, கட்டியாக வழுக்கி இறங்கி, ஓட்டையில் சிக்கியது. குழாய் அதைக் களக் களக்கென்று விழுங்கிக்கொண்டது. சோப்பு கரையும்வரை கை கழுவினான். நக இடுக்கில் பிசுபிசுப்பு மிச்சம்.

இன்று வெறும் பாவனை போதும். யாருக்குத் தெரியப்போகிறது?

மேடை. விளக்கின் சூடு. நடுவில் வெள்ளைத் துணி போர்த்திய அரசன், உமி அடைத்த பொம்மை. மண்டியிட்டு வசனம் பேசினான். பொம்மையின் மார்பில் விரலை வைத்தான்.

ஈரம்.

விரலை எடுத்தான். சிவப்பு மணிக்கட்டுவரை வழிந்தது. அரங்கம் மூச்சை அடக்கிக் காத்திருந்தது. மணிமுடி தாம்பாளத்தில் காத்திருந்தது. நக்காமல் முடி இல்லை.

நக்கினான்.

இனித்தது.

அடித்தொண்டைவரை இனித்தது. நாக்கு விரலை விடவில்லை. விரல் இடுக்கு. உள்ளங்கை. வெட்கமில்லாமல் நக்கியது. கைதட்டல் இடியாக எழுந்தது.

மேடை ஓரத்தில் அக்கா. கையில் காலிப் பாட்டில். உள்ளே ஒட்டியிருந்ததை வழித்து வாயில் வைத்தாள்.

முகம் சுளித்தது.

துப்பினாள்.

பாட்டிலைப் பார்த்தாள். பிறகு அவனை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இருவருக்கும் நடுவே, வெள்ளைத் துணி, வாய் இருக்குமிடத்தில், உள்ளே ஒட்டியது.

மெல்ல உப்பியது.

மறுபடியும் ஒட்டியது.