ஏழாவது பெயர்

"உங்க அண்ணன் எப்போம்மா வீட்டுக்கு வருவான்?" என்று ரொட்டிக் கடையில் திருமதி போகன் கேட்டார். நான் காசை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். வாயால் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஒஹாயோ ஊர்க் கல்லூரியில் மாணவர்களின் சகோதர சங்கம் ஒன்று உண்டு. அவர்கள் தங்கும் பழைய செங்கல் வீட்டில் அம்மாதான் சமையல். நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருடம், அண்ணன் டெல்பர்ட் அந்தச் சங்கத்தில் சேர்ந்தான். சமையல்காரி மகனையும் சேர்த்துக்கொண்டார்களே என்று அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

நவம்பரில் நிறுவனர் நாள் விருந்து. மதியம் அம்மாவும் நானும் பின்கதவு வழியாக நுழைந்தோம். வீடு முழுக்க மெழுகும் ஈரக் கம்பளியும் மணத்தன.

"டெல்பர்ட், இந்த இறைச்சித் தட்டை ஒரு கை பிடிடா."

"பெரிய மனுஷனை வேலை வாங்குறியே!" சிரித்துக்கொண்டே வந்தான். "ஏய் ஊமைக்குட்டி, எனக்கு ஒரு துண்டு ஒளிச்சு வை."

அந்த ஐந்து நிமிடத்தில்தான் கூடத்தில் புதியவர்களை எச்சரித்திருக்கிறார்கள். அது அவன் காதில் விழவில்லை.

விருந்து தொடங்கியது. சமையலறை வாசலில் நின்று பார்த்தேன்; மேசையைச் சுற்றி எல்லாரும் எழுந்து நின்றார்கள். தலைவன் பிரெண்டிஸ் சங்கத்தின் முதல் விதியை வாசித்தான்: "எந்தச் சகோதரனையும் தனியே விடமாட்டோம்." பிறகு, சங்கத்தை நிறுவிய ஏழு பேரின் பெயர்களைக் கூப்பிட்டான். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவன் "இருக்கேன்" என்றான். ஆறு பெயர்கள் முடிந்தன.

"ஓரின் ஃபிஸ்க்."

யாரும் வாய் திறக்கவில்லை.

எல்லாரும் தட்டையே பார்த்தார்கள்.

யாரையாவது ஒதுக்கினால் அண்ணனுக்குப் பொறுக்காது. "இருக்கேன்," என்றான்.

மாடியில் ஒரு தாழ்ப்பாள் விலகியது.

"டேய், ஏண்டா பேசினே?" பிரெண்டிஸின் முகம் வெளுத்துவிட்டது. மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அண்ணன் நின்ற இடம் காலியாக இருந்தது.

பிரெண்டிஸ் சமையலறைக்கு வந்து கிசுகிசுத்தான். "ஓரினுக்குக் காய்ச்சல் வந்தப்போ மத்த ஆறு பேரும் பயந்து, மாடி அறையில வச்சுப் பூட்டிட்டு ஓடிட்டாங்க. மூணு நாள் கதவைத் தட்டியிருக்கார். செத்த பிறகுதான் அந்த விதியையே எழுதினாங்க. அவர் பேருக்குப் பதில் சொன்னா, துணைக்கு வரேன்னு வாக்குக் கொடுத்த மாதிரி."

"அப்போ போய் என் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்கடா! யாரையும் தனியே விடமாட்டீங்களே!"

முப்பது பேர் இருந்தார்கள். ஒருவனும் படியேறவில்லை.

அம்மாவும் நானும் ஏறினோம்.

அறையில் வெயில் அடித்தது. அண்ணன் கட்டிலில் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தான். போர்வையின் பெரும்பகுதி, யாருமில்லாத பக்கத்தை மூடியிருந்தது. அவன் கழுத்தில் சிவப்புத் தடிப்புகள்.

"வாடா, வீட்டுக்குப் போகலாம்."

"மெதுவாப் பேசும்மா. இப்பத்தான் தூங்கினான்."

அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கட்டிலே நகர்ந்தது, அவன் நகரவில்லை.

"விடும்மா. நான் போனா மறுபடியும் தட்டுவான். பாவம், அவன் கையில தோலே இல்ல."

அம்மா காலியான பக்கத்தைத் தொட்டாள். அடுப்பைத் தொட்டதுபோல் கையை உதறினாள்.

போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு அதன் ஓரம் தானாகவே மெல்ல விலகியது. இன்னும் ஒரு ஆளுக்கு இடம் விடுவதுபோல.

என் பக்கமாக.

அம்மா அண்ணனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். கதவைச் சாத்தினாள். என் கையை விடாமல் படியிறங்கிப் போனாள்.