நற்சளி

காலை நிலவரத்தைப் பார்த்ததும் ஆவுடையின் முகம் வாடிவிட்டது. நகரில் சளி பிடித்தவர்கள் இன்றும் மூன்றே பேர்: அவளும் அவள் கணவர் சங்கரபாண்டியும் மகள் மகிழினியும். செவ்வாய்க் கோளின் புதுநெல்லைக் குடியிருப்பில் அவள் தொற்று அதிகாரி. ஊரில் யாருமே தும்மவில்லை என்றால் அவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

விஷயம் இதுதான். பூமியிலிருந்து வரும் கப்பலில் ஒரு காய்ச்சல் ஏறியிருந்தது. பயணிகள் தேறிவிட்டார்கள். ஆனால் கிருமி அவர்கள் மூச்சிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு, ஆளுக்கு ஆள் தாவும்போதெல்லாம் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தது. தடுப்பூசிக்குப் பழைய சட்டையைத்தான் அடையாளம் தெரியும். அதனால் ஆவுடை அந்தக் கிருமிக்குச் சாதுவான தம்பி ஒன்றை ஆய்வகத்தில் வளர்த்தாள். பெயர் நற்சளி. சில நாள் மூக்கு ஒழுகும், அவ்வளவுதான். இதுவும் தாவித் தாவித்தான் உருமாறும். ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், எந்தச் சட்டையில் காய்ச்சல் வந்தாலும் ஊராரின் உடம்பு அதைக் கண்டுகொள்ளும். கப்பல் வருவதற்குள் அது நடக்காவிட்டால் நகர வாசல் திறக்காது. கப்பல் அப்படியே திரும்பிவிடும். மகிழினிக்கு நிச்சயித்த மாப்பிள்ளை அதில்தான் வந்துகொண்டிருந்தான்.

கிருமி தாவவேண்டுமானால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டுமே! புதுநெல்லையில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. எல்லாவற்றுக்கும் தங்களைப் போலவே நடமாடும் ஒளிப் பிம்பத்தை, ஒளியுருவை, அனுப்பிவிடுவார்கள். சாவு வீட்டுக்குக்கூட ஒளியுருதான் போய்க் கண்ணைத் துடைத்துவிட்டு வரும். ஆவுடை நகரசபையைப் பிடித்து, எல்லாரும் மைதானத்தில் நேரில் கூட வேண்டும் என்று உத்தரவு போட வைத்தாள். ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அதிலும் பாதி ரோபோ. மற்றவர்களுக்கு நேரமில்லையாம்.

"எம்மா, கப்பல் திரும்பிப் போச்சுன்னா நான் ஒளியுருவுக்குத்தான் கழுத்த நீட்டணும் போல" என்றாள் மகிழினி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிவந்திருந்தது.

அன்று மாலை யாரோ கதவை இடித்தார்கள். திறந்தால் அடுத்த வீட்டுச் சண்முகக்கனி, சாட்சாத் உடம்போடு நின்றாள்.

"என்ன மதினி, போன வாரம் நிச்சயதார்த்தமாமே! மேலத்தெருக்காரங்களுக்கெல்லாம் சொல்லிருக்கீக. நாங்க என்ன ஆகாதவங்களா?"

அழைப்பு அனுப்பியவர் சங்கரபாண்டி. பக்கத்து வீட்டையே விட்டுவிட்டார், புண்ணியவான். சண்முகக்கனி மூக்கோடு மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று மூச்சுவிடாமல் சண்டை போட்டாள். பிறகு அழுதாள், ஆவுடை தோளில் சாய்ந்து மூக்கைச் சிந்தினாள், காப்பி குடித்துவிட்டுப் போனாள். இரண்டு நாளில் அவள் தும்மினாள். அடுத்து அவள் மாமியார் தும்மினார்.

ஆவுடைக்குப் பொறி தட்டியது. சண்டைக்கு மட்டும் யாரும் ஒளியுருவை அனுப்புவதில்லை! மகிழினிக்கு நலுங்கு என்றும், வேண்டியவர்களுக்கெல்லாம் தனித்தனியே அழைப்பு போயிருக்கிறது என்றும் ஊர் முழுக்க அறிவித்தாள். அழைப்பை மட்டும் ஒருவருக்கும் அனுப்பவில்லை.

சங்கரபாண்டி பதறிப்போனார். "ஏட்டி, ஊரே வந்து நம்ம மொகத்துல காறித் துப்பும்!"

"துப்பட்டும்! அதுக்குத்தான இம்புட்டுப் பாடுபடுதேன்."

மறுநாள் வாசலில் கால் வைக்க இடமில்லை. உறவு, அலுவலகம், எதிரி வீடு என்று வந்தவர்கள் உள்ளே சண்டை பிடித்தார்கள்; வெளியே "ஒங்களுக்குமா சொல்லல?" என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். கிருமிக்கு அப்படியொரு திருவிழா வாய்த்ததே இல்லை. மெதுவாகத் தாவும் வகையெல்லாம் பின்தங்கிப்போக, ஓட்டக்கார வகை ஊரைப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்தில் புதுநெல்லை முழுதும் தும்மியது. ஆவுடைக்கு அது நாதஸ்வரமாகக் கேட்டது.

வாசல் திறந்தது. மாப்பிள்ளை இறங்கிய வேகத்தைவிட மகிழினி ஓடிய வேகம் அதிகம். பார்த்துக்கொண்டிருந்த ஆவுடை வெட்கமில்லாமல் அழுதாள்.

கல்யாணத்துக்குச் சங்கரபாண்டி இந்த முறை கவனமாக இருந்தார். ஊர் முழுவதையும் வீடு வீடாகப் பேர் சொல்லி அழைத்தார். முகூர்த்த நேரத்தில் மண்டபம் ஜொலித்தது. அத்தனையும் ஒளியுரு! அவை தூவிய அட்சதை ஒன்றும் மணமக்கள் தலையில் விழவில்லை. வரிசையாகப் போட்ட இலைகளில் பாயசம் ஆறிக்கொண்டிருந்தது.

தாலி கட்டி முடிந்த கையோடு, ஒளியுருக்களைக் கிழித்துக்கொண்டு ஒருவர் வந்தார். காற்றுக்குழாய் பழுதுபார்க்கும் தளவாய். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், மூக்கு விடைத்திருந்தது.

"நல்லா இருக்குவே சங்கரபாண்டி, நல்லா இருக்கு!" என்று கத்தினார்.

ஆவுடை ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். சிரிப்பும் கண்ணீருமாக இழுத்து வந்து மணமக்களை ஆசீர்வதிக்கச் சொன்னாள், முதல் இலையில் உட்காரவைத்தாள், தன் கையாலேயே பாயசம் ஊற்றினாள்.

"யாரு அத்தை இவுக? ரொம்ப நெருங்கின சொந்தமோ?" என்று மெல்லக் கேட்டான் மாப்பிள்ளை.

"இல்ல மாப்ள. ஊர்லயே இவரை மட்டுந்தான் கூப்பிட விட்டுப்போச்சு."