ஆறாம் முழுக்கு

நாற்பத்தாறு மணித்தியாலத்தில் அம்பிகை ஐந்து தரம் கேணியில் முழுகியிருந்தாள். காலையில் ஐந்தாவது முழுக்கு முடிந்து, பின்னேரம் தேத்தண்ணி வந்தபோது அவள் உள்ளங்கையை நீட்டிப் பனங்கட்டி கேட்டாள்.

சத்தியபாமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கைக்குப் பனங்கட்டி பிடிக்காது. சிறுவயதிலிருந்தே சீனிதான். பனங்கட்டியை முன்பல்லால் நறுக்கி, கன்னத்தில் ஒதுக்கி, ஒரு மிடறு குடித்துவிட்டு மறுபடி நறுக்குவது அம்மா.

அம்பிகை தட்டிலிருந்து தானே ஒரு துண்டு எடுத்தாள். முன்பல்லால் நறுக்கினாள். கன்னத்தில் ஒதுக்கினாள்.

"உது எப்ப பழகினனி?"

"முந்தியே."

அந்த வீடு மண்கும்பான் கடற்கரையில் ஊருக்குத் தள்ளி நின்றது. நான்கு அறைகள். பின்னால், கடலில் வெட்டிய முருகைக்கல்லால் கட்டிப் பனைமட்டை வேலி அடைத்த கேணி. அதில் ஊறும் தண்ணீர் எந்நேரமும் உடம்புச் சூட்டில் இருக்கும். அப்போதுதான் அணைத்த நெருப்புக்குச்சியின் மணம் அடிக்கும். ஆறு முழுக்கில் முடங்கிய கால் நடக்கும் என்று கேள்விப்பட்டவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி வருவார்கள். சோளகக் காற்றுத் தொடங்கினால் கடல் கேணிக்குள் ஏறிவிடும். பிறகு அடுத்த வருடம்தான்.

அம்பிகையால் அடுத்த வருடம்வரை காத்திருக்க முடியாது. காய்ச்சலில் கால்கள் விழுந்து மூன்று மாதம். இன்னும் ஒரு மாதம் போனால் தசை திரும்பாது என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். சத்தியபாமா விஞ்ஞானப் பட்டதாரி, பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிப்பவள். கேணியை அவள் நம்பவில்லை. செய்து பார்ப்பதற்கு வேறொன்றும் மிச்சமிருக்கவில்லை.

வந்த அன்று, வீட்டை நடத்தும் யோகம்மா படலையிலேயே மறித்துக் கேட்டாள்.

"வீட்டிலை துடக்கு ஒண்டும் இல்லைத்தானே? செத்தவீட்டுத் துடக்குக்காரர் இந்தத் தண்ணியிலை கால் வைக்கக்கூடாது. முப்பத்தொரு நாள் கழியவேணும். விளையாட்டில்லை, பிள்ளை."

"இல்லை அக்கா."

"கொம்மா வரேல்லையோ?"

"அவவுக்கு ஏலாது."

குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் முழுக்கில் அம்பிகையின் கால் பெருவிரல் அசைந்தது. யாருடனும் அதிகம் பேசாத சத்தியபாமா குசினிக்கு ஓடிப்போய் யோகம்மாவைக் கட்டிப்பிடித்தாள்.

"விடு பிள்ளை, கறி அடிப்பிடிக்குது! கால் வந்தால் மாப்பிள்ளையும் வருவான். ரெண்டு பேருக்கும் ஒரே பந்தல் போடலாம்."

அதெல்லாம் நேற்று. இப்போது பனங்கட்டி அம்பிகையின் வாயில் கரைந்துகொண்டிருந்தது. வெளியே அலைச் சத்தம் இல்லை. ஆழமில்லாத கடல் சேற்றை நக்கும் மெல்லிய ஓசை மட்டும், ஒருவர் ஈரத்துணியால் நிலத்தைத் துடைத்துத் துடைத்து முடிக்காமலிருப்பதுபோல், சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டே இருந்தது. தங்கையின் தலைமயிர் காலையிலிருந்து காயவில்லை.

ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவந்த வெப்பமானியை அவள் தங்கையின் நாக்கின் கீழ் வைத்தாள். இருபத்தொன்பது பாகை. துடைத்து மறுபடி வைத்தாள். இருபத்தொன்பது. அறைக் காற்றில் பிடித்தாள். அதுவும் இருபத்தொன்பது.

கேணிக்குப் போய்த் தண்ணீரில் அமிழ்த்தினாள். முப்பத்தேழு.

ஆறாவது முழுக்கை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. நிறுத்தினால் கால்? பெருவிரல் அசைந்ததை அவள் கண்ணால் கண்டாள். இன்னும் ஒன்றுதான். ஒன்றே ஒன்று.

பொழுதுபட்டு மம்மலானபோது அவள் அம்பிகையைத் தூக்கிக்கொண்டு கேணிப் படிகளில் இறங்கினாள். தங்கை கனத்தாள். தண்ணீர் தங்கையின் தலைக்கு மேல் மூடியது. மூன்று எண்ணினாள். பத்து. இருபது. கைகளை விட்டுத் துழாவினாள். தண்ணீர்தான் அகப்பட்டது. "அம்பிகை!" என்று கத்தினாள்.

எதிர்ப்பக்கத்துப் படிகளில் அம்பிகை எழுந்தாள். எழுந்து நின்றாள். ஒரு படி ஏறினாள். இன்னொரு படி.

"ஐயோ, நடக்கிறாள் பார்!" கதவடியில் நின்ற யோகம்மா இரண்டு கைகளையும் தட்டினாள். "கூட்டிக்கொண்டு போ, பிள்ளை. இருண்டால் இதுக்குள்ளை நிக்கப்படாது." கேணிக் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்து வளவில் இருந்த தன் வீட்டுக்குப் போனாள்.

சத்தியபாமா அழுதுகொண்டே பின்னால் நடந்தாள். முன்னால் ஈரக் காலடிகள். இடது பாதம் முழுதாகப் பதிந்தது. வலது பாதத்தின் குதி உள்ளே திரும்பியிருந்தது. அவளுக்கு அந்த நடை தெரியும்.

அவள் நின்றாள். முன்னால் போனது அறைக்குள் போயிற்று.

பிறகு பின்னாலிருந்து அந்தச் சத்தம்.

சரக்.

மூன்று மாதமாக இரவும் பகலும் கேட்ட சத்தம். அசையாத இரண்டு கால்களை ஒரு பெண் இழுத்துக்கொண்டு வருவது.

சரக். சரக்.

"அக்கா."

கேணிக்குள்ளிருந்து.

ஓடினாள். கதவை உலுக்கினாள். பூட்டு அசைந்தது, கதவு அசையவில்லை. பனைமட்டை இடுக்கில் முகத்தை அழுத்தினாள். மட்டை கன்னத்தைக் கிழித்தது. உள்ளே பாதி இருட்டு. தண்ணீருக்கு மேல் படியைப் பிடித்தபடி இரண்டு கைகள். அம்பிகையின் முகம். வாய்க்குள் தண்ணீர்.

"அக்கா, தூக்கன்."

"யோகம்மா அக்கா! திறப்பு! திறப்பைக் கொண்டுவாங்கோ!"

பக்கத்து வளவில் விளக்கு எரிந்தது. ஒருவரும் வரவில்லை. மட்டையைப் பிய்த்தாள். நகம் பிய்ந்தது. கையை உள்ளே விட்டாள். தோள்வரை. எட்டவில்லை.

ஒரு கை படியிலிருந்து வழுக்கியது.

அவள் முதுகுக்குப் பின்னால் ஈரக் காலடி. ஒன்று முழுதாக. ஒன்று குதி திரும்பி. நெருங்கி வந்து நின்றது. பனங்கட்டி மணத்த மூச்சு கழுத்தில் பட்டது. சூடில்லாத மூச்சு. தோளில் ஒரு கை விழுந்து, வீட்டில் விழுவதுபோலவே, மெல்லத் தட்டிக் கொடுத்தது.

மற்றக் கையும் வழுக்கியது. தண்ணீர் மூடியது.

"துடக்கு இல்லையெண்டு நீதானே பிள்ளை சொன்னனி," என்றது அம்மாவின் குரல். "நான் செத்து இன்னும் பத்து நாளும் ஆகேல்லை."