கூடுதலாய்ப் பதினெட்டு நொடி

வீடியோவின் சைஸ் குறைந்திருந்தது. ஆனால் நீளம் கூடியிருந்தது.

ஷர்லி மறுபடியும் பார்த்தாள். எண்ணூற்று நாற்பது எம்பி எழுபதாகிவிட்டது. இரண்டு நிமிடம் பத்து நொடி ஓடியது மட்டும் இப்போது இரண்டு நிமிடம் இருபத்தெட்டு என்று காட்டியது.

அவள் கணவன் மரிய அந்தோணி குவைத்திலிருந்து கடைசியாக அனுப்பிய வீடியோ அது. மகளுக்கு வாங்கிய ஸ்கூல் பையைக் காட்டிச் சிரிப்பான், "வைக்கிறேன்" என்பான், முடிந்துவிடும். மூன்றாம் நாள் கட்டட வேலையில் விழுந்து இறந்துபோனான். இன்று முதலாண்டு நினைவுநாள். பெரிய ஃபைல் ஃபேஸ்புக்கில் ஏறாது, சுருக்கி, ஐந்து மணிப் பூசைக்கு முன்னால் போட்டுவிடுங்கள் என்று கொழுந்தன் ஜஸ்டின் காலையிலேயே சொல்லியிருந்தான்.

ஆவூரின் மூன்றரை மணி வெயிலில் தகரக் கூரை விட்டுவிட்டு முறுக்கிக்கொள்ளும் சத்தமும், அவன் படத்துக்குப் போட்ட சம்பங்கி மாலை வாடும் வாசனையும், மகள் பள்ளிக்கூடம் போயிருந்த வீட்டின் வெறுமையும் சூழ்ந்திருக்க, கையில் சுட்டுக்கொண்டிருந்த போனில் அவள் வீடியோவை ஓடவிட்டாள்.

"வைக்கிறேன்" என்றான். ஆனால் வைக்கவில்லை. சிரிப்பு மறைந்த முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு விடும் சத்தம் மட்டும் பதினெட்டு நொடி கேட்டது.

அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்து அவன் பதினெட்டு நொடி கூடுதலாகக் கிடைத்திருக்கிறான். அழுதுகொண்டே அதை இன்னொரு முறை சுருக்கினாள்.

ஐந்து நிமிடமாகியிருந்தது. முகம் சதுரம் சதுரமாக உடைந்திருந்தது. கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. குரல் மட்டும் அவனுடையது.

"பொட்டியத் தொறந்து பாத்தியா ஷர்லி?"

அவள் திறந்து பார்க்கவில்லை. இருபது நாள் கழித்து வந்த பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று விமானநிலையத்தில் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டாள். சீல் வைத்தபடியே அடக்கம் செய்தார்கள். ஒரு தடவை முகத்தைப் பார்க்கிறேன் என்று கேட்க அன்றைக்கு அவளுக்கு வாய் வரவில்லை.

விரல் தானாகவே மூன்றாம் முறை அழுத்தியது.

பதினோரு நிமிடம். திரை முழுக்கக் கறுப்பு.

"மூச்சு முட்டுதுடி."

ஷர்லி மம்பட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். யாரும் இல்லை. போனை அவன் கல்லறைச் சிலுவையின் காலடியில் வைத்தாள். நீளம் இருபது நிமிடம் என்று காட்டியது. இருபத்தொன்று.

ஓங்கி வெட்டினாள்.

போனுக்குள்ளிருந்து ஒரு சத்தம். தொலைவில், மேலே எங்கோ, மண்ணில் இரும்பு இறங்கும் சத்தம்.

கை நின்றது. அதுவும் நின்றது.

மறுபடி வெட்டினாள். போனுக்குள் இன்னும் கிட்டத்தில் கேட்டது. பூசைக்கு முதல் மணி அடித்தது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து, மெதுவாக, யாரோ பலகையை நகத்தால் கீறத் தொடங்கினார்கள்.