பூனை தொடாத மண்

தூளிக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது. குழந்தைதான் நனைத்துவிட்டது என்று பூர்ணிமா துணியைத் தொட்டுப் பார்த்தாள். துணி காய்ந்தே கிடந்தது. குனிந்தபோது மூக்கில் ஏறிய காரமான நெடி, இது பூனையின் வேலை என்று சொல்லிவிட்டது.

செல்லிக்கு இந்த வழக்கமே கிடையாது. தெருநாய்களுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே வளர்த்த பூனை அது. அவள் புருஷன் நந்தகுமார் வேலை செய்யும் செராமிக் கம்பெனியில் விரிசல் விட்டதென்று ஒதுக்கிய பீங்கான் தொட்டி ஒன்றில் மண் நிரப்பிப் பின்கட்டில் வைத்திருந்தார்கள். போகும், தோண்டும், மூடும், ஒன்றும் தெரியாத மகாராணி மாதிரித் திரும்பி வரும். நேற்று அவன் புது மண் கொண்டுவந்து கொட்டியதிலிருந்துதான் இந்தக் கூத்து.

"இன்னொரு தடவ வூட்டுக்குள்ள போச்சுன்னா, சாக்குல கட்டி கம்மாபுரத்துல வுட்டுட்டு வந்துடுவேன் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் ஷிப்டுக்குப் போயிருந்தான். பூனையைப் பற்றிக்கூட அவளுக்கு அவ்வளவு கவலையில்லை. தவழ்கிற பிள்ளை, கண்டதைத் தொட்டு வாயில் வைத்துக்கொண்டால்? ஏழு வருஷம் ஏங்கிப் பெற்ற பிள்ளை. அந்தப் பயம்தான் அவளைக் குடைந்தது.

செல்லியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் விடப் பார்த்தாள். பூனையின் நான்கு கால்களும் விறைத்தன. மண்ணைப் பார்த்துச் சீறியது. அவள் முழங்கையைப் பிறாண்டிவிட்டுக் கூடத்துக்கு ஓடி, பீரோமேல் ஏறிக்கொண்டது.

பூர்ணிமா மண்ணைக் கிளறினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள். அட, இதுதானா சங்கதி! விருத்தாசலத்தில் எங்கே தோண்டினாலும் பீங்கான் சில்லு வரும். காலில் குத்தியிருக்கும், பாவம். ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டாள். ஓரமெல்லாம் மழுங்கி வழவழவென்று இருந்தன. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம். குழந்தை பாலுக்கு அழுத அவசரத்தில் தட்டைக் கூடத்துத் தரையிலேயே வைத்துவிட்டு, அதைப் பாயில் இறக்கிவிட்டுப் பால் காய்ச்சப் போனாள்.

கரண்ட் போயிற்று.

ஓட்டின்மேல் மழை விழும் சத்தத்துக்கு நடுவே, பின்கட்டிலிருந்து சரக் சரக்கென்று மண்ணைத் தோண்டும் ஒலி மெதுவாகக் கேட்டது. அப்பாடா, செல்லி தொட்டிக்குப் போய்விட்டது என்று அவளுக்குச் சிரிப்பே வந்தது. பாலை இறக்கிவிட்டுத் திரும்பினாள். கூடத்தில், பீரோவின் உச்சியில் இரண்டு கண்கள் பளபளத்தன.

செல்லி அங்கேயேதான் இருந்தது.

சத்தம் நிற்கவில்லை.

தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். குச்சி கிழித்ததும் சத்தம் அடங்கியது. தொட்டி மண்ணில் ஐந்து கோடுகள். பக்கத்தில் இன்னும் ஐந்து. பூனையின் நகத்துக்கு அவ்வளவு அகலம் வராது. அடியில் எதையோ தேடித் துழாவின மாதிரி, தொட்டியின் அடிப்பீங்கான் தெரியும்வரை மண் விலகிக் கிடந்தது. குச்சி விரலைச் சுட்டது. செல்போனை எடுத்து அவன் நம்பரை அழுத்தினாள்.

"என்னங்க, இந்த மண்ண எங்கேருந்து எடுத்தாந்தீங்க?"

"மணிமுத்தாத்துலதான். ஏன்?"

"ஆத்துல எங்க?"

"படித்துறைக்குக் கீழ, கருமாதி பண்ற எடத்தாண்ட. பூனைக்குத்தானன்னு அள்ளிட்டு வந்துட்டேன்."

"அதுல வெள்ள வெள்ளயா பீங்கான் சில்லு கெடந்துச்சிங்க."

மிஷின் இரைச்சலுக்கு மேலே அவன் குரல் உயர்ந்தது.

"ஆத்துல ஏதுடி பீங்கான்?"

இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மணிமுத்தாற்றில் கரைத்த எலும்பு கல்லாகிவிடும். சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பாள்!

கூடத்தில் எதையோ கடிக்கும் சத்தம்.

கடக். கடக்.

ஓடினாள். காலில் தட்டுப்பட்டு உருண்டது தட்டு. காலித் தட்டு. இருட்டில் துழாவிக் குழந்தையை வாரி எடுத்தாள். "துப்பு கண்ணு, துப்பிடு" என்று அழுதுகொண்டே வாய்க்குள் விரலை விட்டாள். கல் இல்லை. கன்னத்தின் ஓரத்தில் இல்லை. நாக்குக்கு அடியில் இல்லை.

பல் இருந்தது.

எட்டு மாதக் குழந்தை. காலையில் கஞ்சி ஊட்டும்போது வெறும் ஈறு. இப்போது மேலே வரிசையாக. கீழே வரிசையாக. உள்ளே கடைவாய்வரை.

கரண்ட் வந்தது.

அவள் இடுப்பிலிருந்து குழந்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. நீளம் நீளமான கிழட்டுப் பற்கள், வெற்றிலைக் காவி ஏறியவை, அந்தச் சின்ன வாய் கொள்ளாமல் உதட்டைத் தள்ளிக்கொண்டு நின்றன. நடுவில் அவள் விரல் இருந்தது.