கண்ணுக்குள் ஒரு தடயம்

செல்போன் மூன்றாவது முறையாக அலறியபோதுதான் தமிழ்மாறன் எடுத்தான்.

"இன்ஸ்பெக்டர் கண்ணகி. குவார்ட்டர்ஸ்லதான இருக்கீங்க?"

"ஆமா மேடம்."

"அங்கயே இருங்க. உங்க சம்சாரத்த நீங்க கொன்னுட்டதா கம்ப்ளெயின்ட்."

"யாரு குடுத்தது?"

"உங்க மச்சான்."

மனைவி இசைப்பிரியா இறந்து இருபத்தாறு நாள். பல் தேய்ப்பதையே சாதனையாகக் கருதிக்கொண்டிருந்தான் தமிழ்மாறன். கைதாகப் போகிறவன் சட்டையாவது மாற்ற வேண்டும் என்று தோன்றியது.

மாற்றினான். பொத்தான்கள் மாறியிருந்தன.

பத்தாவது நிமிடம் வாசலில் ஜீப்.

கண்ணகியின் பின்னாலேயே இறங்கினான் இசைப்பிரியாவின் அண்ணன் அன்புச்செல்வன். எட்டு வருடமாக ஊரின் அனல்மின் நிலைய பாய்லரில் கான்ட்ராக்ட் தொழிலாளி. வரும் திங்கள்கிழமை பர்மனென்ட் ஆவதற்கான மெடிக்கல் டெஸ்ட்.

"என் தங்கச்சிக்கு இருபத்தெட்டு வயசு மேடம். சோறு வடிச்சிகினு இருந்தவ சுருண்டு வுழுந்து செத்துட்டா. இவன் ஆஸ்பத்திரி லேப்ல வேல பாக்கறவன். எந்த மருந்தக் கலந்தானோ..."

"அங்க என்கிட்ட இருக்கற பயங்கர ஆயுதமே யூரின் டப்பாதான் மச்சான்."

கண்ணகி சிரிக்கவில்லை. ஒரு தாளை நீட்டினாள்.

"போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். இதயத் தசை பூரா புரதம் கட்டிகட்டியா இருக்காம். விஷமான்னு தெரிய ஒரு மாசம் ஆவும். அதுவரைக்கும் உங்கள உள்ள வெக்கணும்ங்கறாரு இவரு."

தமிழ்மாறன் படித்தான்.

திரும்பவும் படித்தான்.

"மேடம்... டார்ச் இருக்கா?"

"பட்டப்பகல்ல எதுக்கு?"

"சொல்றேன். லேப் வேலையோட, எலிங்கள வெச்சு நான் பண்ண ஆராய்ச்சியே இதுதான். நம்ம செல்லுக்குள்ள சின்னச்சின்ன காவல்காரப் புரதம் இருக்கு. சூடு தாக்கினா மத்த புரதமெல்லாம் உருவம் கலைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். இதுங்க பிடிச்சுத் தடுக்கும். அதுல ஒரு ரகம் கண்ணு லென்ஸ்லயும் இதயத்துலயும் நெறைய."

"சரி..."

"சில குடும்பத்துல அந்தக் காவல்காரனே பொறவியிலேயே கோணல். தடுக்கறத வுட்டுட்டு அதுவே கட்டியில சேந்துக்கும்."

"போலீஸே திருட்டுக் கும்பல்ல சேந்த மாதிரி."

"நான் சொல்லல மேடம், நீங்கதான் சொன்னீங்க. கண்ணுல கட்டினா சின்ன வயசுலயே புரை. இதயத்துல கட்டினா..." ரிப்போர்ட்டைக் காட்டினான். "இசைக்கு இருபத்தாறு வயசுலயே ரெண்டு கண்ணும் புரை ஆபரேஷன். வெயில்னு சொல்லிக்கினோம். படி ஏறினா மூச்சு வாங்கும். சாம்பல் தூசின்னோம். இந்த ஊர்ல எது வந்தாலும் சாம்பல் தலையிலதான கட்டுவோம்?"

கண்ணகி திரும்பினாள்.

"குடும்ப வியாதின்னா அண்ணனுக்கும் வரலாமே?"

"எனக்குக் கழுகுக் கண்ணுங்க. ஆஸ்பத்திரி பக்கமே போனதில்ல."

அன்புச்செல்வன் கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டான்.

கண்ணகியின் டார்ச் வெளிச்சம் அவன் முகத்தில் பாய்ந்தது.

கருவிழிக்குள் ஏதோ பளிச்சென்று மின்னியது... கண்ணாடித் துண்டு போல.

"கூடப் பொறந்த லென்ஸ் அப்படி மின்னாது மேடம். அது புரை ஆபரேஷன்ல உள்ள வெச்சது."

அன்புச்செல்வன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"பாண்டிச்சேரியில பண்ணேன் மேடம். ஒருத்தருக்கும் தெரியாது. மெடிக்கல்ல தெரிஞ்சா அன்ஃபிட் போட்ருவாங்க. எட்டு வருஷங்க..."

"அப்ப கொலைகாரன் யாரு?" என்றாள் கண்ணகி.

"இவரு நெஞ்சுக்குள்ளதான் உக்காந்திருக்கான்னு நெனைக்கறேன். மச்சான், உனக்கு மூச்சு வாங்குதா?"

அன்புச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சாம்பல்னு நெனச்சேன் மாப்ள."

கண்ணகி ஜீப் கதவைத் திறந்தாள்.

"ஏறுய்யா."

"ஸ்டேஷனுக்காங்க?"

"ஈசிஜி எடுக்க. ரத்தமும் குடு, ஜீன் டெஸ்ட்டுக்கு."

ஏறப்போனவள் நின்று தமிழ்மாறனைப் பார்த்தாள்.

"இந்தப் புரதத்த எத்தன வருஷம் ஆராய்ச்சி பண்ணீங்க?"

"மூணு வருஷம் மேடம். அவளோட குடித்தனமும் அதே மூணு வருஷம்."

"பக்கத்துலயே இருந்த சம்சாரத்துக்கு இது இருந்தது தெரியலயா?"

தமிழ்மாறன் பொத்தான்களைச் சரியாகப் போட்டபடி சொன்னான்:

"எலிக்கு வந்திருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பேன் மேடம்."