மூன்றரை ஆம்பியர்

கார் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் முகத்தில் அடித்தது வாசனைதான். பழைய தோல், பெட்ரோல், ஈரச் சுவர், எல்லாவற்றுக்கும் அடியில் புளித்த ஆசிட் நெடி.

உள்ளே அந்தக் கார் நின்றிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டி, கரும்பச்சை நிறம். மூக்கு வாசலைப் பார்த்து, வால் பின்சுவரை ஒட்டி. யாரோ கூப்பிடக் காத்திருப்பதுபோல் நின்றது.

வந்தவர் வண்டி எலக்ட்ரீஷியன். தொழிலில் எல்லாரும் அவரை 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கடவுளே நேரில் வந்தாலும் இரண்டு ஒயரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார் என்று கூட வேலை பார்த்தவர்கள் செய்த கேலி, பெயராகவே ஒட்டிக்கொண்டது.

"ரெண்டு மாசத்துல மூணு பேட்டரி மாத்தியாச்சு," என்றார் வீட்டுக்கார அம்மா. கணக்கு டீச்சர். பேச்சிலும் அது தெரிந்தது. "சாயங்காலம் நல்லா இருக்கு. காலைல சாவி போட்டா 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

மீட்டர் பானெட்டைத் திறந்தார். முதல் நாள் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த பேட்டரி பன்னிரண்டரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. இன்ஜினை ஓட விட்டு வேகம் கூட்டினார். பதினாலுக்கு ஏறியது.

"டைனமோ சார்ஜ் பண்ணுது. பேட்டரியும் பிடிக்குது. நிறுத்தின வண்டியில இருந்துதான் யாரோ கரண்டைக் குடிக்கிறாங்க."

'ஏதோ' என்று சொல்ல வந்தவர் வாய் தவறி 'யாரோ' என்றுவிட்டார். டீச்சர் சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் குரலைத் தாழ்த்தி. "என் கொழுந்தன். இந்த வண்டியை உடைச்சுப் போடணும்னு ஒரு வருஷமா ஒத்தைக் கால்ல நிக்கிறான். நான் விடல. அதான் ராத்திரில வந்து ஏதோ பண்றான்."

போன வருடம் இந்த வண்டியில்தான் அவர் கணவர் இறந்தார். அண்ணனும் தம்பியும் மலைப்பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் ஓட்டினார், கண் சொக்கி ஒரு வளைவில் பாறையில் மோதிவிட்டார் என்று தம்பி சொன்னான். தம்பிக்கு நெற்றியில் நாலு தையல். வண்டியின் முன்பக்கத்தை வேறொரு பட்டறையில் தட்டிச் சரிசெய்து, இரண்டு மாதம் முன்பு டீச்சர் அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். அவர் கடைசியா உக்காந்த சீட்டுல உக்காந்து நானே ஓட்டணும். அவ்வளவுதான் ஆசை."

டீச்சர் உள்ளே போனதும் கொழுந்தன் வந்தான். மருந்துக் கம்பெனியில் வேலை, ஊர் ஊராகச் சுற்றுபவன். புருவத்துக்கு மேல் வெள்ளைத் தழும்பு. வண்டியிலிருந்து நாலடி தள்ளியே நின்றான்.

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"பேட்டரி நிக்கலன்னாங்க."

"நிக்காது. அவங்களே கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருப்பாங்க. விளக்கைப் போட்டுட்டு மறந்துடுவாங்க. மனசு சரியில்ல, பாவம்." அவன் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "வண்டி தேறாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க அண்ணே. நீங்க சொன்னா கேப்பாங்க."

முப்பது வருடத் தொழிலில் எத்தனையோ குடும்பச் சண்டையைக் காருக்குள் பார்த்தவர் மீட்டர். ஒயர் பொய் சொல்லாது, ஆள்தான் சொல்லும். இரண்டு பேரில் ஒருவர் சொல்கிறார், அல்லது இரண்டு பேருமே.

இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "யாரும் உள்ள வரவேண்டாம். நான் கூப்பிடுறேன்," என்று சொல்லி ஷட்டரை உள்ளிருந்து இறக்கினார்.

மணி மூன்றரை. வெளியே பகல். உள்ளே ஷட்டரின் அடியில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம்.

பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, நடுவில் கரண்ட் அளக்கும் தன் கருவியை மாட்டினார். வண்டி இனி எது குடித்தாலும் அதன் வழியாகத்தான் குடிக்க வேண்டும். எண் பூஜ்யத்தில் நின்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எங்கோ ஒரு குழாய் சொட்டியது. சூடான இன்ஜின் ஆறும்போது 'டிக்... டிக்...' என்று முனகியது. பிறகு அதுவும் அடங்கியது.

பூஜ்யம். பூஜ்யம்.

நாலு மணியும் சில நிமிடமும் ஆனபோது எண் துள்ளியது.

மூன்றரை ஆம்பியர்.

மீட்டர் எழுந்தார். யாரும் வரவில்லை. எந்தக் கதவும் திறக்கவில்லை. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். இரண்டாவதைப் பிடுங்கியதும் பூஜ்யம். திரும்பச் செருகியதும் மூன்றரை.

அப்போதுதான் பின்சுவரைக் கவனித்தார்.

சுவர் சிவப்பாக இருந்தது.

இருபத்தொரு வாட் பல்பு இரண்டு. கணக்குச் சரியாக வந்தது. இந்த ரக வண்டியில் பெடலை அமுக்கினால் சாவி போடாமலே பிரேக் விளக்கு எரியும். நாலு மணிக்கு ஆரம்பித்தால் விடியும்போது பேட்டரி செத்திருக்கும். வாலைச் சுவருக்குக் கொடுத்து நிறுத்தி, ஷட்டரையும் இறக்கிவிட்டால் யார் கண்ணிலும் படாது.

அவருக்கு மூச்சு வந்தது. சின்ன விஷயம். பிரேக் பெடல் மேலே வராமல் சிக்கியிருக்கும், இல்லையென்றால் சுவிட்ச் போயிருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து குனிந்தார்.

பெடல் முழுக்க மேலேதான் இருந்தது.

பையிலிருந்து புது சுவிட்ச் எடுத்து மாற்றினார். சுவர் ஒரு கணம் இருண்டது. மறுபடியும் சிவந்தது.

அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது. பிறகு அணையாமல் நின்றது.

சுவிட்ச் கெட்டால் இப்படி எரியாது. இது கால். இறக்கத்தில் வேகத்துக்குப் பயந்து விட்டு விட்டு மிதித்து, கடைசியில் முழு பலத்தோடு ஊன்றுகிற கால்.

பெடலில் கால் இல்லை.

டார்ச்சை மெதுவாக நகர்த்தினார். கியர் கம்பி. கைப்பிரேக். பக்கத்து சீட்.

பக்கத்து சீட்டின் கீழே விரித்திருந்த ரப்பர் விரிப்பில் ஒரு குழி இருந்தது.

குதிகால் அளவு.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் ஆழமாக அமுங்கியது.

ஷட்டரை எப்படித் தூக்கினோம் என்று அவருக்குப் பிறகு நினைவில்லை. வெளிச்சத்தில் நின்று வாயால் மூச்சுவிட்டார். டீச்சரும் கொழுந்தனும் ஓடி வந்தார்கள்.

"டீச்சர், அன்னைக்கு வண்டி மோதினது எத்தனை மணிக்கு?"

"நாலு, நாலே கால் இருக்கும். ஏன்?"

மீட்டர் கொழுந்தனைப் பார்த்தார். "தம்பி, அன்னைக்கு ஓட்டினது யாரு?"

"அண்ணன்தான். அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"வாங்க. வந்து பாருங்க."

அவன் வரவில்லை. டீச்சர்தான் வந்தார். சிவந்த சுவரைப் பார்த்தார். மேலே நிற்கும் பெடலைப் பார்த்தார். பிறகு டார்ச் காட்டிய இடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க பக்கத்துல உக்காந்தா," என்றார் மீட்டர், காதோடு சொல்வதுபோல், "ஓட்டுறவங்க பிரேக் அடிக்காதப்போ தன் காலைத் தரையில ஊணுவாங்க. அங்க பெடல் கிடையாதுன்னு தெரியும். இருந்தாலும் ஊணுவாங்க."

டீச்சருக்கும் அது தெரிந்திருந்தது. ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகு ஒவ்வொரு பேருந்திலும் அவரும் அப்படித்தான் காலை ஊன்றினார்.

அவர் வெளியே வந்து கொழுந்தனின் எதிரில் நின்றார். கத்தவில்லை. தப்பான விடையைத் திருத்தச் சொல்லும் குரலில் கேட்டார்.

"யாருப்பா ஓட்டினது?"

அவன் உதடு இரண்டு முறை அசைந்தது. மூன்றாவது முறைதான் சத்தம் வந்தது.

"நான்தான் அண்ணி. அண்ணன் மெதுவாப் போடான்னார். நான் கேக்கல. வேகம் பிடிச்சிடுச்சு. பயத்துல எனக்குக் காலே ஓடல. அவர் கால் மட்டும் ஊணிக்கிட்டே இருந்துச்சு."

"அவரை டிரைவர் சீட்டுல இருந்துதானே எடுத்தாங்க?"

"ரோட்டுல ஆள் வர்றதுக்கு முன்னாடி... நான்தான் இழுத்து அந்தப் பக்கம் உக்கார வச்சேன். வேலை போயிடும், ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு..."

உள்ளே சுவர் இருண்டது. கருவியில் எண் பூஜ்யத்துக்கு இறங்கி அங்கேயே நின்றது. தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது மீட்டருக்கு.

டீச்சருக்கு அப்படி இல்லை.

"நீ இழுத்தப்போ," என்றார், "அவருக்கு உயிர் இருந்துச்சா?"

கொழுந்தன் தரையைப் பார்த்தான்.

"இருந்துச்சான்னு கேட்டேன்."

அன்று மாலையே அவன் ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை மீட்டர் போய்ப் பார்த்தார். பேட்டரி முதல் நாள் விட்ட இடத்திலேயே இருந்தது. ஒரு வாரம் விட்டுப் பார்த்தார். அப்போதும் அப்படியே. டீச்சர் பக்கத்து சீட்டில் சிறிது நேரம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் ஓட்டுநர் சீட்டுக்கு மாறி வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிக்கொண்டு வந்தார். வளைவில் மிக மெதுவாகத் திரும்பினார். அத்தோடு முடிந்தது என்று மீட்டர் நினைத்துக்கொண்டார்.

ஏழெட்டு வாரம் கழித்து, ஒரு காலை பதினோரு மணிக்குக் கொழுந்தன் போன் செய்தான்.

"அண்ணே, ஒரு சின்ன சந்தேகம். இது கம்பெனி குடுத்த புது வண்டி. ஷோரூம்ல மூணு தடவை காட்டிட்டேன், ஒண்ணும் இல்லங்கிறாங்க."

"பேட்டரியா?"

"பேட்டரி நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன?"

அவன் வண்டியை ஓட்டிக்கொண்டே பேசுகிறான் என்று தெரிந்தது. காற்று இரைந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே 'டிங், டிங், டிங்' என்று விடாமல் ஒரு மணிச் சத்தம்.

"பக்கத்து சீட்டுல இருக்கிறவங்க பெல்ட் போடலன்னு விளக்கு எரியுதுண்ணே," என்றான் கொழுந்தன். "நான் தனியாத்தான் போறேன்."